கோத்தகிரியில் எடுத்து வளர்க்கும் பூனைக்குட்டிக்கு 4 நாளாகக் கழிச்சல்: பால்தான் காரணமா?

கோத்தகிரி ஆசிரியை | சனிக்கிழமை, மாலை 6:40

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. சென்ற செவ்வாய்க்கிழமை, தோட்டத்து லைன் வீடு (தொழிலாளர்களின் வரிசை வீடு) ஒன்றில் பிறந்த பெண் பூனைக்குட்டியை என் மகள் விரும்பிக் கேட்டதால் வாங்கி வந்தோம். கொடுத்தவர்கள், "இரண்டு மாதம் ஆகிவிட்டது, சோறு தின்னும்" என்று சொன்னார்கள். இதற்கு முன் நாங்கள் நாய் வளர்த்திருக்கிறோம். பூனை இதுவே முதல்முறை.

முதல் நாள் பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, காய்ச்சி ஆற்றி வைத்தோம். விரும்பிக் குடித்தது. மறுநாள் பால் சோறு வைத்தோம். பாலை மட்டும் நக்கிவிட்டுச் சோற்றை விட்டுவிட்டது. வியாழக்கிழமை குன்னூரில் குட்டிகளுக்கான உலர் தீனி ஒரு பை வாங்கினேன், அதைச் சரியாக மெல்லவில்லை. நேற்று கோழி ஈரலை வேகவைத்து மசித்துக் கொடுத்தபோது ஆவலாகத் தின்றது.

புதன்கிழமை மாலையிலிருந்தே மலம் இளகத் தொடங்கிவிட்டது. முதலில் மஞ்சளாகக் கூழ்போல் இருந்தது, நேற்றிலிருந்து தண்ணீராகப் போகிறது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம்தான், ஆனால் முக்கி முக்கிப் போகிறது. இன்று காலையில் சளியும், அதில் நூல்போல் சிவப்பாக இரத்தமும் இருந்தன. வயிறு மட்டும் உப்பலாக இருக்கிறது, முதுகெலும்போ கையில் தட்டுப்படுகிறது. விளையாட வருகிறது, ஆனால் சீக்கிரம் ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. நான் விசாரித்த இடங்களில் திங்கட்கிழமை காலையில்தான் மருத்துவர் இருப்பார் என்று சொல்கிறார்கள். பாலை நிறுத்தினால் போதுமா? ஒருநாள் பட்டினி போடலாமா? உடம்பு தொட்டால் சூடாக இருக்கிறது. குழந்தைகளுக்கான காய்ச்சல் சொட்டுமருந்தை இரண்டு சொட்டு கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

---

குன்னூர் பெரியவர் | சனிக்கிழமை, மாலை 6:58

அம்மா, மற்றவை அனைத்தும் பிறகு. அந்தச் சொட்டுமருந்தைக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில் இருப்பது பாராசிட்டமால். அதை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதுமான அளவில் கிடையாது. இரத்தச் சிவப்பணுக்கள் கெட்டு, உயிர்க்காற்றைச் சுமக்க முடியாமல், ஈறு பழுப்பு நிறமாகிக் குட்டி இறந்துபோகும். வளர்ந்த பூனையையே ஒரு மாத்திரை கொன்றுவிடும்போது இந்தக் குட்டிக்குச் சொட்டுக் கணக்கே அதிகம். கால்நடைத் துறையில் ஆய்வாளராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் நான். பாசத்தோடு கொடுக்கப்பட்ட அந்த மருந்தால் இறந்த பூனைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தொட்டால் சூடாக இருப்பதைக் காய்ச்சல் என்று எண்ணவேண்டாம். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39.2 டிகிரி வரை இருக்கும். நம் கைக்கு அது எப்போதும் சூடாகத்தான் தெரியும்.

சமையலறைத் தராசு இருந்தால் குட்டியை ஒரு கிண்ணத்தில் உட்கார வைத்து எடை பார்த்துச் சொல்லுங்கள்.

---

உதகைக் கால்நடை மருத்துவர் | சனிக்கிழமை, இரவு 7:35

பெரியவர் சொன்ன முதல் செய்தியை நானும் வழிமொழிகிறேன். நேரில் பார்க்காமல் மருந்து எழுதுவது முறையன்று. ஆகவே மருந்தின் அளவு எதையும் இங்கே சொல்லமாட்டேன். திங்கள் காலை வரை குட்டியைத் தாங்கவைப்பதற்கும், மருத்துவரிடம் என்ன கொண்டுபோக வேண்டும் என்பதற்கும் உரியவற்றைச் சொல்கிறேன்.

பால் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு பங்கு காரணம், ஆனால் முழுக் காரணம் அன்று என்பது என் எண்ணம். பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். தாய்ப்பூனையின் பாலிலும் அது உண்டு, அதைச் செரிக்கும் நொதி பால்குடிக் குட்டியிடம் நிறைய இருக்கும். பால் மறக்க மறக்க அந்த நொதி குறைந்துகொண்டே போகும். பசும்பாலில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 பங்கு லாக்டோஸ் இருக்கிறது. செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்கு இறங்கி, தண்ணீரைத் தன்பக்கம் இழுத்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்துக் காற்றை உண்டாக்கும். தண்ணீர் கலந்து கொடுத்தாலும் உள்ளே போகும் லாக்டோஸின் தன்மை மாறுவதில்லை; குட்டிக்குக் கிடைக்கவேண்டிய சத்துதான் பாதியாகிறது. ஆகவே பசும்பாலையும் எருமைப்பாலையும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதில் வேறு சில குறிகள் இருக்கின்றன. சிறுகுடலில் கோளாறு என்றால் பொதுவாக மலம் அளவில் நிறைய இருக்கும், முறை சற்றே கூடும். பெருங்குடலில் கோளாறு என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கலோடு, சளியும் புதுச்சிவப்பு இரத்தமும் கலந்து போகும். உங்கள் குட்டிக்கு இரண்டாவது வகை. வயிறு உப்பியும் முதுகு மெலிந்தும் இருப்பது குடற்புழுவைக் காட்டுகிறது. குட்டிகளுக்கு வரும் உருளைப்புழு, டாக்சோகாரா கேட்டி என்பது, தாய்ப்பாலின் வழியாகவே குட்டிக்கு வந்துசேரும். வெளி மண்ணை மிதிக்காத குட்டிக்கும் அது இருக்கும். அதனால்தான் மூன்று வார வயதிலேயே குடற்புழு நீக்கத்தைத் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரச் சொல்கிறோம். தோட்டத்து லைன் வீட்டுக் குட்டிக்கு அது ஒருமுறையும் நடந்திருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதன்மேல், நான்கு நாளில் நான்கு வகை உணவு. பெரிய பூனைக்கே ஒரு தீனியிலிருந்து மற்றொன்றுக்கு மாற 7 முதல் 10 நாள் வரை சிறிது சிறிதாகக் கலந்து மாற்றவேண்டும்.

இப்போது நான் அறிய வேண்டியவை: எடை, பற்கள், கண்ணின் நிறம், பாதமும் காதும் சூடாக உள்ளனவா குளிர்ந்துள்ளனவா, வாந்தி உண்டா.

பட்டினி மட்டும் போடாதீர்கள். வளர்ந்த நாய்க்குச் சொல்லும் முறை அது. இவ்வளவு சிறிய குட்டியின் ஈரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. சில மணி நேரம் வெறும் வயிறாக இருந்தாலே இரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கிவிடும்.

---

கட்டபெட்டு வாசகர் | சனிக்கிழமை, இரவு 8:10

மருத்துவர் ஐயா சொல்வதை மறுத்துப் பேசுவதாக நினைக்கவேண்டாம். எங்கள் வீட்டில் பரம்பரையாகக் கன்றுக்கும் குழந்தைக்கும் வயிறு சரியில்லை என்றால் வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுப்பார்கள், ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். திங்கட்கிழமை வரை வேறு வழியில்லாதபோது, கைப்பக்குவமாக அதைச் செய்து பார்க்கலாம் அல்லவா? மனிதருக்கான பேதி நிறுத்தும் மாத்திரையில் கால்பாகம் கொடுத்ததாகவும் ஒருவர் என்னிடம் சொன்னார்.

---

உதகைக் கால்நடை மருத்துவர் | சனிக்கிழமை, இரவு 8:25

தம்பி, நீங்கள் கேட்டது நல்ல நோக்கத்தில்தான். கன்றின் உடலும் பூனையின் உடலும் ஒன்றல்ல. தாவரங்களின் காரமான எண்ணெய்ப் பொருள்களையும் பல மருந்துகளையும் முறிக்கும் வழி பூனையின் ஈரலில் குறுகலானது. பாராசிட்டமாலுக்குச் சொன்ன அதே காரணம் இதற்கும் பொருந்தும். வசம்பு, ஓமம், பூண்டு, வெங்காயம் எதுவும் வேண்டாம். பேதியை நிறுத்தும் மாத்திரை குடலின் அசைவைக் கட்டிப்போடுகிறது; உள்ளே புழுவும் கிருமியும் இருக்கும்போது குடலைக் கட்டிப்போட்டால் நஞ்சு உள்ளேயே தங்கும். அதுவும் கூடாது.

---

கோத்தகிரி ஆசிரியை | சனிக்கிழமை, இரவு 9:15

சொட்டுமருந்தைக் கொடுக்கவில்லை. பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இங்கே கேட்காமல் இருந்திருந்தால் இந்நேரம் கொடுத்திருப்பேன்.

எடை 480 கிராம். முன்பற்கள் எல்லாம் இருக்கின்றன, கோரைப்பற்களும் ஊசிபோல் வெளியே தெரிகின்றன. பின்னால் கடைவாயில் இப்போதுதான் ஒன்றிரண்டு முளை விட்டிருப்பதுபோல் விரலுக்குத் தட்டுப்படுகிறது. கண் சாம்பல் கலந்த நீலம். நான்கு பாதங்களும் காது நுனியும் சில்லென்று இருக்கின்றன. எங்கள் பகுதியில் இப்போது இரவில் 10 டிகிரிக்கும் கீழே போகிறது. சமையலறையில் அட்டைப்பெட்டிக்குள் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருக்கிறோம்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருமுறை வாந்தி எடுத்தது. அதில் வெள்ளையாக, வேகவைத்த சேமியாவைப் போல, ஏறத்தாழ விரல் நீளத்தில் ஒன்று சுருண்டு கிடந்தது. அது அசைந்தது.

---

உதகைக் கால்நடை மருத்துவர் | சனிக்கிழமை, இரவு 9:32

அதுதான் உருளைப்புழு. ஒரு சிறிய டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், மருத்துவரிடம் காட்டலாம்.

இதைவிட முக்கியமான ஒன்று: இந்தக் குட்டிக்கு இரண்டு மாதம் ஆகவில்லை. பால் குடித்து நன்றாக வளரும் குட்டி, ஒரு மாதத்தில் ஏறத்தாழ 450 கிராமும் இரண்டு மாதத்தில் 800 முதல் 900 கிராமும் இருக்கவேண்டும். புழுவால் மெலிந்திருந்தாலும் பல் பொய் சொல்லாது. கோரைப்பல் வந்து கடைவாய்ப்பல் இப்போதுதான் முளைக்கிறது, கண்ணில் குட்டிப்பருவ நீலம் இன்னும் மாறவில்லை என்றால் வயது ஐந்து வாரத்தை ஒட்டித்தான் இருக்கும். தாயிடம் இன்னும் பால் குடித்துக்கொண்டிருக்க வேண்டிய பருவத்தில் பிரிக்கப்பட்ட குட்டி இது. அது உலர் தீனியை மெல்லாததற்கும் சோற்றைத் தொடாததற்கும் காரணம் இதுவே.

அடுத்தது குளிர். மலையில் இருக்கும் நாம் இதைச் சரியாகக் கணக்கில் எடுப்பதில்லை. சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகள் உணவைப் பற்றித்தான் முதலில் பேசும். ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவில், முதலில் பேசவேண்டியது வெப்பம். ஐந்து வாரக் குட்டி தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இப்போதுதான் பழகுகிறது. கூடப் பிறந்தவையும் தாயும் இல்லாமல், தரையில், ஈரமான பின்பக்கத்தோடு கிடந்தால் உடல் குளிர்ந்துவிடும். உடல் குளிர்ந்தால் குடல் அசைவது நின்றுபோகும், ஊட்டிய உணவு செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், பிறகு வாந்தியாகவோ கழிச்சலாகவோ வெளியேறும். குளிர்ந்த குட்டிக்கு எவ்வளவு நல்ல உணவைக் கொடுத்தாலும் அது நோயைத்தான் கூட்டும். ஆகவே, முதலில் சூடு, பிறகு தண்ணீர், அதன்பின் உணவு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

வெந்நீர்ப் பை இருந்தால் அதை, இல்லாவிட்டால் இறுக மூடும் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, கம்பளித் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். அதிகச் சூடானால் குட்டி விலகிப் படுக்க மறுபக்கம் இடம் இருக்கவேண்டும். பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி ஒரு பலகையின்மேல் வைத்து, அடியில் செய்தித்தாளை அடுக்கடுக்காகப் போடுங்கள். வாலையும் பின்பக்கத்தையும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, உடனே ஈரம் போக ஒற்றிவிடுங்கள். கரி அடுப்பை அறைக்குள் வைக்கவேண்டாம். மூடிய அறையில் அந்தப் புகை மனிதருக்கும் ஆபத்து.

பாதம் சூடான பிறகு, ஊசி நீக்கிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரையோ மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலையோ வாயின் ஓரத்தில் துளித்துளியாக விடுங்கள். தலையை மேலே தூக்கிப்பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், தலை நேராகவே இருக்கட்டும். அதன்பின், தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறியை உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் வேகவைத்து, அதே தண்ணீரில் கூழாக மசித்து, ஒரு தேக்கரண்டி அளவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் ஒருமுறை கொடுங்கள். ஈரல் வேண்டாம், அது மலத்தை இளக்கும். இந்தக் கோழிக்கறிக் கூழ் சில நாள் தாக்குப்பிடிக்க மட்டும்தான். வளரும் குட்டிக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தும் பூனைகளுக்கு இன்றியமையாத டாரின் என்னும் அமினோ அமிலமும் அதில் போதாது. பூனைக்குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவு கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

---

கொடைக்கானல் மூஞ்சிக்கல் | சனிக்கிழமை, இரவு 10:20

இந்த இழையை முழுதும் படித்தேன். ஒரு செய்தியை எழுதாமல் தூங்கப் போக மனம் வரவில்லை. உங்களை அச்சுறுத்துவதற்காக எழுதவில்லை, சகோதரி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதச் சாரலில், கடைவீதிக்குப் பின்னால் கிடந்த இரண்டு குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கும், நன்றாகத் தின்று ஓடியாடித் திரிந்தன. ஐந்தாம் நாள் காலையில் பெரியது சாப்பிடவில்லை. மதியம் நுரையாக வாந்தி எடுத்தது, மாலையில் மஞ்சள் நீராக வாந்தி. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவுகட்டி, பாலை நிறுத்திவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு. அன்று அது தண்ணீர்க் கிண்ணத்தின்மேல் தலையைத் தொங்கவிட்டபடியே உட்கார்ந்திருந்தது. குடிக்கவில்லை, குடிக்க ஆசைப்பட்டதுபோல் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்தக் காட்சி இன்றுவரை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. திங்கள் காலை மழையில் வத்தலகுண்டு மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோதே என் மடியில் உயிர் போய்விட்டது. சின்னக்குட்டியைக் கொண்டுபோய்க் காட்டினோம். நாய்களின் பார்வோ நோயைக் கண்டறியும் பெட்டியிலேயே மலத்தைச் சோதித்து, பூனைகளுக்கு வரும் பான்லுகோபீனியா என்று சொன்னார்கள். இரத்தத்தில் வெள்ளணு ஏறத்தாழ இல்லவே இல்லை. மூன்று நாள் சொட்டுநீர் ஏற்றியும் அதையும் காப்பாற்ற முடியவில்லை.

கிருமி உடலில் புகுந்து இரண்டு நாள் முதல் பத்து நாள் வரை கழித்துத்தான் நோய் வெளியே தெரியுமாம். நான் கொண்டுவந்தபோதே அவற்றுக்குள் அது இருந்திருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்ற ஒரே எண்ணத்தில் நான் இழந்த ஒன்றரை நாளை யாரும் இழக்கக்கூடாது. வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, உணவைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, தலை தொங்கினாலோ திங்கள்வரை காத்திருக்காதீர்கள். இரவானாலும் வண்டி பிடித்து மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ இறங்கிவிடுங்கள்.

---

உதகைக் கால்நடை மருத்துவர் | சனிக்கிழமை, இரவு 10:41

சகோதரி எழுதிய ஒவ்வொரு குறியும் சரியானது. கோத்தகிரிக் குட்டி இன்னும் உணவைக் கேட்கிறது, ஒருமுறைதான் வாந்தி எடுத்திருக்கிறது, அதிலும் புழு இருந்தது. ஆகவே அந்த நோய்க்கான ஐயம் இப்போதைக்குக் குறைவு. ஆனால் திங்களன்று பார்வோ சோதனையையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஈறை ஒருமுறை விரலால் அழுத்திப் பாருங்கள்: ஈரமாகவும் இளஞ்சிவப்பாகவும் இருந்தால் நல்லது, விரல் ஒட்டிக்கொள்வதுபோல் இருந்தாலோ வெளுத்திருந்தாலோ உடலில் நீர் வற்றிவிட்டது என்று பொருள்.

---

கோத்தகிரி ஆசிரியை | ஞாயிற்றுக்கிழமை, காலை 7:05

இரவு முழுதும் நானும் கணவரும் மாறிமாறி விழித்திருந்தோம். வெந்நீர்ப் பை வைத்து ஒரு மணி நேரத்தில் பாதங்கள் சூடாகிவிட்டன. கோழிக்கூழை ஐந்து முறை கொடுத்தோம், ஐந்து முறையும் தின்றது. வாந்தி இல்லை. கழிச்சல் மூன்று முறை, இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது, இரத்தம் ஒருமுறை தெரிந்தது. ஈறு ஈரமாக இருக்கிறது. எடை 465 கிராம். 15 கிராம் குறைந்துவிட்டதே என்று கவலையாக இருக்கிறது.

---

குன்னூர் பெரியவர் | ஞாயிற்றுக்கிழமை, காலை 7:30

ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், உணவுக்கு முன், எடை பார்த்து எழுதி வையுங்கள் அம்மா. இந்த வயதில் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் ஏறவேண்டும். குறைவது கவலைக்குரியதுதான், ஆனால் நேற்று இரவே தெரிந்துகொண்டதால் நாளைக்குள் சரிசெய்ய முடியும்.

மலத்தை எப்படி எடுத்துச் செல்வது என்று யாரும் சொல்லவில்லை. நாளைக் காலை கழித்ததும், சுண்டைக்காய் அளவு, சுத்தமான மூடியுள்ள டப்பாவில் எடுங்கள். மண்ணோ சாம்பலோ கலக்கக்கூடாது. சில மணி நேரத்துக்குள் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் ஜியார்டியா போன்ற குடல் ஓரணு உயிரிகள் உயிரோடு நீந்துவது தெரியும். காய்ந்துபோன மலத்தில் அவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். ஒரு சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒன்றும் இல்லை என்று பொருளன்று, முட்டைகள் எல்லா நாளும் வெளிவருவதில்லை.

மற்றொன்று. மருந்து புகட்டும்போது குட்டி கடித்தாலோ கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தாய்ப்பூனை எங்கெங்கோ திரிவது. வெறிநோய்ச் சிகிச்சைக்கென்று தொடங்கிய பாஸ்டர் நிலையம் 1907 முதல் குன்னூரில் இருக்கும் மாவட்டத்தில் வெறிநோய்க்கு நாம் அலட்சியம் காட்டக்கூடாது.

---

கூடலூர் வாசகர் | ஞாயிற்றுக்கிழமை, காலை 11:15

குட்டி மலம் கழிக்க எதைப் போட்டிருக்கிறீர்கள்? தண்ணீர் பட்டால் கட்டியாகும் பூனை மணலை இந்த வயதுக் குட்டிகள் தின்றுவிடும், குடலில் போய் அது இறுகும். கிழித்த செய்தித்தாள் போதும். தோட்டத்து மண்ணையும் அள்ளிப் போடாதீர்கள், வேறு பூனைகளின் புழுமுட்டை அதில் இருக்கக்கூடும்.

---

கோத்தகிரி ஆசிரியை | திங்கட்கிழமை, மாலை 4:50

குன்னூரில் காட்டிவிட்டு இப்போதுதான் திரும்பினோம். மலத்தில் உருளைப்புழுவின் முட்டைகள் நிறைய இருந்தன. அவற்றோடு காக்சிடியா என்னும் ஓரணு உயிரியும் இருக்கிறதாம். சளியும் இரத்தமும் கலந்த முக்கலுக்கு அதுதான் முதன்மைக் காரணமாக இருக்கும் என்று அங்குள்ள மருத்துவர் சொன்னார். பார்வோ சோதனையில் நோய் இல்லை என்று வந்தது. அந்தக் கோடு ஒன்றாகவே நின்றதைப் பார்த்த பிறகுதான் என் கை நடுங்குவது நின்றது. தோலுக்கடியில் நீர் ஏற்றினார்கள். தோள்பட்டையில் ஒரு சிறு மூட்டைபோல் வீங்கி, வீட்டுக்கு வருவதற்குள் கரைந்துவிட்டது. புழுவுக்குப் பைரன்டல் மருந்தை எடைக்கு அளந்து அங்கேயே கொடுத்தார்கள், இரண்டு வாரம் கழித்து மீண்டும் தரவேண்டும். காக்சிடியாவுக்கு டோல்ட்ராசுரில் என்ற மருந்து. வயதை அவரும் ஐந்து வாரம் என்றே சொன்னார்.

ஒரு கேள்வி. பெட்டியையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் போதுமா?

---

உதகைக் கால்நடை மருத்துவர் | திங்கட்கிழமை, இரவு 8:15

நல்ல செய்தி. உங்கள் கேள்வியில் பலர் தவறிவிடுகிறார்கள், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பான்லுகோபீனியா வைரஸ் வீட்டுக்குள் ஓராண்டு வரைகூட உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்கு அசையாது, ஆனால் நீர்த்த பிளீச் அதைக் கொன்றுவிடும். காக்சிடியா அதற்கு நேர்மாறானது. அதன் முட்டையுறை மிகத் தடிமனானது; பிளீச் அதைத் தொடுவதில்லை, கொதிநீர்தான் கொல்லும். மலத்தோடு வெளியே வந்தவுடன் அது நோய் பரப்பாது. வெளியில் ஈரத்தில் ஒரு நாளோ சில நாளோ இருந்து முற்றியபின்தான் பரப்பும். குட்டி தன் காலை நக்கும்போது அது மீண்டும் வாய்க்குள் போகிறது. மருந்து கொடுத்தும் குணமாகவில்லை என்று வருகிற குட்டிகளில் பல, தன் பெட்டியிலிருந்தே மீண்டும் மீண்டும் நோயை எடுத்துக்கொள்கின்றன. ஆகவே கழித்த உடனே, அதிகம் போனால் அன்றைக்கே, மலத்தை அகற்றிவிடுங்கள். தட்டின்மேல் கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றுங்கள். அட்டைப்பெட்டியை எரித்துவிட்டுப் புதியதை வையுங்கள். விரிக்கும் துணியைக் கொதிநீரில் போட்டு, இந்தக் குளிரில் வெயில் கிடைக்கும் நேரம் பார்த்து முழுமையாக உலர்த்துங்கள்.

இந்தக் காக்சிடியா மனிதருக்குத் தொற்றுவதில்லை. உருளைப்புழு தொற்றும், அதன் முட்டையும் மண்ணில் சில வாரம் முதிர்ந்த பின்னரே. மகள் குட்டியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், மலத்தை அகற்றும் வேலையைப் பெரியவர்களே செய்யுங்கள். நாளையோ மறுநாளோ மலத்தில் செத்த புழுக்கள் கொத்தாக வந்தால் பயப்படவேண்டாம்.

---

பண்ணைக்காடு வாசகர் | செவ்வாய்க்கிழமை, மாலை 5:30

இதையொட்டி ஓர் ஐயம். எங்கள் நான்கு மாதக் குட்டிக்குப் புழுமருந்து கொடுத்து இருபது நாள் ஆகிறது. கழிச்சல் இல்லை, ஆனால் ஆசனவாயைச் சுற்றி அரிசி போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

---

குன்னூர் பெரியவர் | செவ்வாய்க்கிழமை, மாலை 6:05

அது நாடாப்புழுவின் துண்டு. உருளைப்புழுவுக்கான மருந்து அதைத் தீர்க்காது, அதற்குப் பிராசிகுவான்டல் வேண்டும். நாடாப்புழு தெள்ளுப்பூச்சி வழியாக வருவது. குட்டி உடம்பை நக்கும்போது தெள்ளை விழுங்கிவிடுகிறது. தெள்ளை ஒழிக்காமல் எத்தனை முறை மருந்து கொடுத்தாலும் திரும்ப வரும். நாய்களுக்கான தெள்ளு மருந்தைப் பூனைக்கு ஊற்றிவிடாதீர்கள், அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு.

---

கோத்தகிரி ஆசிரியை | வெள்ளிக்கிழமை, இரவு 7:20

செவ்வாய் இரவும் புதன் காலையும் புழுக்கள் வந்தன. எண்ணிக்கையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள், இவ்வளவு சிறிய வயிற்றுக்குள் அவை எப்படி இருந்தன என்று மகள் அழுதுவிட்டாள். புதன்கிழமையிலிருந்து இரத்தம் இல்லை. நேற்று மலம் கூழ்போல் இருந்தது, இன்று காலை முதன்முறையாக வடிவத்தோடு, சற்று மிருதுவாகக் கழித்தது. ஒரு நாளைக்கு இரண்டு முறைதான். எடை திங்கள் 460, செவ்வாய் 462, புதன் 470, நேற்று 486, இன்று 503.

பால்மாவு கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வந்துவிட்டது. அதையும் கோழிக்கூழையும் மாற்றிக் கொடுக்கிறோம். தயிர் கொஞ்சம் தரலாமா என்று என் அம்மா கேட்கிறார்கள்.

---

உதகைக் கால்நடை மருத்துவர் | வெள்ளிக்கிழமை, இரவு 9:00

எடைக்கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. தயிரில் லாக்டோஸ் பாலைவிடக் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. நன்றாக இருக்கும் குட்டிக்குக் கால் தேக்கரண்டி கொடுத்தால் தவறில்லை. இப்போது குடல் ஆறிக்கொண்டிருக்கிறது, ஒரு வாரம் புதிதாக எதையும் சேர்க்கவேண்டாம். அதன்பின், வாங்கி வைத்திருக்கும் உலர் தீனியை வெந்நீரில் நன்றாக ஊறவைத்து, முதல் நாள் கூழில் ஒரு சிட்டிகை என்று தொடங்கி, பத்து நாளில் முழுவதுமாக மாற்றுங்கள்.

---

கோத்தகிரி ஆசிரியை | இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை, இரவு 8:30

இன்று இரண்டாவது முறை புழுமருந்து கொடுத்தாயிற்று. எடை 690 கிராம். மலத்தை மீண்டும் சோதித்ததில் காக்சிடியா இல்லை. உருளைப்புழு முட்டை ஒன்றிரண்டு மட்டும் தெரிந்தது. வயிற்று உப்பல் வற்றிவிட்டது. எட்டு வாரம் முடிந்ததும் முதல் தடுப்பூசி, பிறகு நான்கு வார இடைவெளியில் அடுத்தவை, கடைசி ஊசி பதினாறு வாரத்துக்குக் குறையாமல் என்று அட்டையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கொடைக்கானல் சகோதரி, அந்த அட்டையை வாங்கும்போது உங்கள் இரண்டு குட்டிகளையும் நினைத்துக்கொண்டேன்.

குட்டியைக் கொடுத்த லைன் வீட்டுக்கு நேற்று போயிருந்தேன். கூடப் பிறந்த மூன்றும் அங்கேதான் இருக்கின்றன, மூன்றுக்கும் அதே உப்பிய வயிறு, ஒன்றுக்குக் கழிச்சலும் தொடங்கியிருக்கிறது. வீட்டுக்காரரிடம் விளக்கிச் சொன்னதும் உடனே ஒப்புக்கொண்டார், பாவம், அவருக்கும் இது தெரியாது. நாளை மறுநாள் மூன்றையும் ஒரே கூடையில் வைத்து, வெந்நீர்ப் பையோடு குன்னூருக்கு எடுத்துச் செல்கிறேன்.

---

உதகைக் கால்நடை மருத்துவர் | திங்கட்கிழமை, இரவு 8:52

தாய்ப்பூனையையும் சேர்த்துக் கொண்டுபோங்கள், அம்மா. குட்டிகளுக்கு மருந்து கொடுத்துத் தாயை விட்டுவிட்டால் பாலின் வழியாகப் புழு மீண்டும் வரும். பிடிக்க முடியாவிட்டால் அதன் மலத்தையாவது ஒரு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். பால் கொடுக்கும் பூனை என்பதை மறவாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.